காலியான நடுத்தளம்

காலை மணி ஒலிப்பதற்கு முன்பே நசரேன் மச்சாது உணவுக்கூடத்தின் அடுப்படிக்கு வந்துவிடுவார். கொதித்து அடங்கிய கஞ்சி அண்டாவில், தாம் கையோடு கொண்டுவந்த வெண்ணிற மாவைத் தூவி, நீண்ட துடுப்பால் சுழற்றிச் சுழற்றிக் கலக்குவார். அந்த வேலையை அவர் ஒருநாளும் பிறர் கையில் விட்டதில்லை. காய்ச்சல் கண்ட நாட்களிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். பிள்ளைகள் கிண்ணம் நீட்டுவார்கள், அவர் ஊற்றுவார். ஒவ்வொரு கிண்ணமும் வழித்துக் குடிக்கப்பட்டதைக் கண்ணால் கண்ட பின்னரே, காப்பி என்ற பெயரில் அங்குக் கிடைத்த கறுப்பு நீரை ஒரு குவளையில் எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருவார். பிள்ளைகள் அவரை 'மாவு மாமா' என்று அழைத்தார்கள்.

அந்த ஊரின் பெயர் ஆழிக்குடி. வியாழனைச் சுற்றிவரும் யூரோப்பா என்னும் பனி நிலவில், பனிப்பாறைக்குள் குடைந்து அமைத்த குடியிருப்பு அது. பனிக்கு அடியில் கிடக்கும் கடலில் மூழ்கி, தரையில் உறைந்திருக்கும் உலோகக் கட்டிகளை வாரிவருவதே அங்குள்ளோரின் தொழில். இதற்கென்று நிறுவனம், தூத்துக்குடிக் கரையில் முத்தும் சங்கும் குளித்த குடும்பங்களின் வழிவந்தவர்களைத் தேடித் தேடி அமர்த்தியிருந்தது. அவர்கள் தங்கள் மாதா படத்தையும், வசைமொழிகளையும், ஒரு பழைய வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அந்த வழக்கம் இது. கடலுக்குள் இறங்குபவனின் கயிற்றை, மேலே நின்று பிடிக்கவேண்டியவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானே. கயிறு நழுவினால் தாலி இழப்பவள் தன் தங்கை என்பதால் அவன் கண்ணயரமாட்டான் என்பது முன்னோர் கணக்கு. ஆழிக்குடியில் எந்தப் பொருள் குறித்தும் "இதை நம்பலாமா?" என்ற கேள்வி எழுந்தால், அவர்கள் சோதனை கேட்பதில்லை. "இதில் யார் தங்கச்சிக்கு நட்டம்?" என்று கேட்பார்கள். அவளுடைய அண்ணன் தலையசைத்தால் போதும்.

மாவு வந்த கதையும் அப்படித்தான். அந்தப் பனியில் உப்புகள் ஏராளம். ஆனால் எலும்புக்கு வேண்டிய கால்சியம் இல்லை. நிறுவனம் அனுப்பிய மாத்திரைகள் சில ஆண்டுகளில் நின்றுபோயின. பிறந்த குழந்தைகளின் கால்கள் மெழுகாய் வளைந்தன. நசரேனின் தங்கை மார்த்தாளின் தலைச்சன் பிள்ளை, தூக்கி அணைத்தபோதே விலா ஒடிந்து இறந்தது. அவள் மறுபடி கருவுற்றிருந்த நேரத்தில்தான், வேதியியல் படித்த ஒரே மனிதரான நசரேன், பனியில் மலிந்துகிடந்த மெக்னீசியத்தைக் கொண்டு ஒரு மாவு செய்துவந்து ஊரார்முன் வைத்தார்.

"இதுனால பிள்ளையளுக்குப் பின்னால ஏதும் வருமா?" என்று யாரோ கேட்டார்.

"ஒண்ணும் வராது" என்றார் நசரேன்.

குடிக்கப்போவது அவர் தங்கையின் பிள்ளை. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பதினைந்து ஆண்டுகள் ஓடின. பிள்ளைகள் நிமிர்ந்த முதுகோடும் உறுதியான பற்களோடும் வளர்ந்தார்கள். பிறகு ஒருநாள் கப்பல் வந்தது.

குடியிருப்புக்கு வெப்பமும் மின்சாரமும் தரும் உலை மூப்படைந்துவிட்டது. இன்னும் இரண்டு ஆண்டுகளே அது எரியும். ஆகவே அனைவரையும் பூமிக்கு அழைத்துச்செல்ல நிறுவனம் தானே ஓடும் கப்பல் ஒன்றை அனுப்பியிருந்தது. அதில் வந்த ஒரே மனிதர் மருத்துவர் தாட்சாயணி. உலை அணையும்வரை கப்பல் காத்திருக்கும்; அதன்பின் இன்னொன்று வராது.

அன்று உணவுக்கூடத்தில் ஒரே ஆரவாரம். மார்த்தாளின் கணவன் ரொசாரியோ மேசைமேல் ஏறி நின்றான்.

"மச்சான், தூத்துக்குடில எறங்குனதும் எனக்கு மொத வேல என்னன்னு நெனைக்கீரு? ஒரு கிலோ மக்ரூன் வாங்கி, பஸ் ஸ்டாண்டுல நின்னு, ஒருத்தருக்கும் குடுக்காமத் திங்கணும்!"

"எனக்கும் குடுக்க மாட்டியளோ?" என்றாள் மார்த்தாள்.

"ஒனக்குத் தூள் இருந்தா தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த பெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வயது பதினான்கு. பெற்றோர் இருவரையும் பனிச்சரிவில் இழந்தவள். எல்லார் வீட்டிலும் உண்டு, எவர் வீட்டிலும் தங்காமல் வளர்ந்தவள். நாக்கில் முள் உண்டு.

"பதினெட்டு வயசாகாம ஒருத்தரும் வளையத்தத் தாண்டக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நம்ம மாவு மாமாதான். இப்பம் எப்படி வெளிய விடுவாராம்? கப்பலத் தூக்கி உள்ள வப்பாரோ?"

வளையம் என்பது குடியிருப்பைச் சூழ ஓடும் பெரிய காந்தச் சுருள். வியாழனின் கதிர்களைத் தடுப்பதற்காகவே அது இருக்கிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். நசரேன் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார். அவருக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

களிமண் கிடைக்காத ஒரு தீவில் வாழ்ந்த குருவியைப் பற்றிய கதை ஒன்று உண்டு. அது அலையின் நுரையை அள்ளிக் கூடு கட்டிற்றாம். அலை அடித்துக்கொண்டே இருந்ததால் நுரை வற்றவே இல்லை, கூடும் கலையவில்லை. குஞ்சுகள் அதில் பொரிந்து வளர்ந்தன. மற்றப் பறவைகள், "இந்தப் பாழும் அலை என்று ஓயுமோ?" என்று நாள்தோறும் வேண்டிக்கொண்டன. தாய்க்குருவி மட்டும் அந்த வேண்டுதலில் சேரவில்லை. ஏன் என்று எவரும் அதைக் கேட்கவுமில்லை. கப்பல் வந்த நாள், ஆழிக்குடியில் அலை ஓய்ந்த நாள்.

மார்த்தாளின் மகள் அமலிக்கு மருத்துவரைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு வயதில் பிந்தி விழுந்த தன் கடைவாய்ப் பால்பல்லை ஒரு சிமிழில் போட்டு அவருக்குப் பரிசாகக் கொடுத்தாள். பூமியில் இருந்து வந்தவருக்குக் கொடுக்க, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளிடம் வேறெதுவும் இல்லை. மருத்துவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குச் சென்றார்.

திரும்பி வந்தவர் நேராக நசரேனின் ஆய்வறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சிமிழைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். சிறிது சாம்பல்நிறப் பொடி விழுந்தது.

"வளையத்தைத் தாண்டினதும் என் பையில் பச்சை வெளிச்சம் தெரிஞ்சது, சார். அழகா இருக்கேன்னு எடுத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையிலேயே இப்படி ஆயிடுச்சு."

நசரேன் அந்தப் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"மொதல்லருந்தே."

மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவதற்கு முயன்று, அதற்கும் வலுவில்லாதவர்போல் இருந்தார். "எல்லாப் பிள்ளைகளுக்கும் பல் மட்டுமா, முழு எலும்புக்கூடுமே இதுதானா?"

"எல்லாப் பிள்ளையளுக்கும்."

"நான் சொல்லவா? நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லுதேன்."

ஊர் மறுபடி உணவுக்கூடத்தில் கூடியது. பாதிப் பேர் மூட்டை கட்டிய கையோடு வந்திருந்தார்கள். நசரேன் சுற்றிவளைக்கவில்லை, பிள்ளைகள் எவரும் வளையத்தை விட்டு உயிரோடு வெளியேற முடியாது என்று சொன்னார். முதலில் சிலர் சிரித்தார்கள்.

"மச்சான், எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லும்" என்றான் ரொசாரியோ.

"ஒவ்வொரு அணுவும் ஒரு மாடி வீடு, மாப்ள. எலக்ட்ரானுங்க அதுல குடியிருக்கு. கீழ்த்தளத்துல ரெண்டு பேரு. நடுத்தளத்துல எட்டுப் பேரு. அதுக்கு மேல இன்னும் தளம் இருக்கும். உச்சியில யாரு நிக்கானோ, அவன்தான் வெளி ஆளோட கொடுக்கல் வாங்கல் வச்சிக்கிடுவான். உள்ள இருக்கவன யாரும் பாக்கதில்ல. கால்சியத்துக்கு உச்சியில ரெண்டு பேரு. மெக்னீசியத்துக்கும் ரெண்டு பேருதான். ரெண்டுமே அந்த ரெண்டு பேரையும் வெளிய குடுத்துட்டுத்தான் எலும்புல போயி ஒக்காரும்."

"அப்பம் ரெண்டும் ஒண்ணுதானே?"

"குணம் கிட்டத்தட்ட ஒண்ணு. உருவம் ஒண்ணில்ல. குடுத்த பொறவு மிஞ்சுற கால்சியம் மூணு தள வீடு. மெக்னீசியம் ரெண்டே தளம். குட்டை. எலும்பு அதச் சேத்துக்கிடாது. நான் என்ன செஞ்சேன்னா, மெக்னீசியத்துல நடுத்தளத்து எட்டுப் பேரையும் மூணாம் தளத்துக்கு ஏத்தி நிறுத்துனேன். வெளியில நின்னு பாத்தா கால்சியம் மாதிரியே இருக்கும். பிள்ளையளோட ஒடம்பு அத நம்பிருச்சு."

"நடுத்தளம்?" என்று கேட்டாள் மார்த்தாள்.

"காலியா கெடக்கு."

நசரேன் மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அந்த எட்டுப் பேரும் தானா மேல நிக்க மாட்டாங்க. இந்த வளையந்தான் ஏந்திப் பிடிச்சிருக்கு. அதத் தாண்டுனா ஒரு நொடியில எறங்கிருவாங்க. எறங்கையில வெளிச்சம் வரும். பொறவு எலும்பு பொடியாயிரும். வளையத்தக் கப்பல்ல ஏத்த முடியாது. அதுக்கு உலை வேணும். உலை அணைஞ்சா இங்கயும் அதே கதிதான்."

மார்த்தாள் எழுந்து வந்தாள். அண்ணனை அறைவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில் கேட்டாள்: "அன்னைக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னியளே, அண்ணே?"

"உண்மையச் சொன்னா நீங்க யாரும் குடுத்திருக்க மாட்டிய. ஒன் வயித்துல இருந்தது தலைச்சனப் போலப் போயிருக்கும். நெலையா நிக்க வைக்க ஒரு வழி கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன். வருசம் போச்சு. வழி வரல்ல. இங்கருந்து யாரும் எங்கயும் போகப்போறதில்லன்னு என்னையே தேத்திக்கிட்டேன்."

"கயிறு பிடிக்கிறவன் ஒருத்தனத்தான் பாப்பான்." பின்னாலிருந்து பெனிட்டாவின் குரல் வந்தது. "மத்தவன் முங்குனா அவனுக்குத் தெரியவா போகுது? ஒம்ம தங்கச்சி பிள்ளைக்காக எங்க எல்லாருக்கும் ஊத்துனீரு."

அவளைக் கண்டிக்க எவரும் முன்வரவில்லை.

பிறகு ஒரு தாய் கேட்டாள்: "எங்க ஒடம்புல இருக்கது பூமியில வளந்த எலும்புதானே? நாங்க அந்த மாவத் தின்னல்லையே?"

நசரேன் கண்களை மூடிக்கொண்டார். அந்தக் கேள்வியைத்தான் அவர் அஞ்சிக்கொண்டிருந்தார். விடையை மருத்துவர் சொன்னார்.

பெரியவர்களின் எலும்பில் உள்ள கால்சியத்தை ஒரு மருந்தால் மெல்லக் கரைத்து எடுக்கலாம். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், வளரும் எலும்பு பழையதைக் கழித்துப் புதியதை ஏற்றுக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளில் முடியக்கூடியதே. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவரின் எலும்பில் பெரும்பகுதி வேண்டும். கொடுத்தவர் இந்த நிலவின் இலேசான ஈர்ப்பில் படுக்கையில் கிடக்கலாம். கப்பல் புறப்படும் வேகத்தில் அவருடைய முதுகெலும்பு நொறுங்கிவிடும். தாயும் தந்தையும் பாதிப்பாதியாகப் பகிர்ந்தாலும் இருவருக்கும் அதே முடிவு.

"அப்படின்னா, பிள்ளையளு மட்டும் போவும்" என்றான் ரொசாரியோ.

"ஆமா."

"நாங்க உலை அணையுறமட்டும் இங்க கெடப்போம்."

மருத்துவர் தலைகுனிந்தார். கப்பலில் இருக்கும் கால்சியம் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு பிள்ளையின் கைக்குக்கூட வராது. பூமியிலிருந்து எடுத்துவர ஆறு ஆண்டுகள் ஆகும் என்றார். யாரும் அழவில்லை. கட்டிய மூட்டைகளை ஒவ்வொருவராக அவிழ்க்கத் தொடங்கினார்கள். அந்த ஓசை மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பின்வந்த நாட்களில் ஊரில் பேச்சு எல்லாம் ஒரே கூட்டல்தான். எந்தத் தாய் எந்தப் பிள்ளைக்கு? மூன்று பிள்ளை பெற்ற கைம்பெண் என்ன செய்வாள்? அவளுக்குப் பிள்ளையில்லாத இரு அண்ணன்மார் இருந்தார்கள். அவர்கள் கேட்குமுன்னரே வந்து நின்றார்கள். முதியவர்களின் தேய்ந்த எலும்புகளை இரண்டிரண்டாக இணைத்தார்கள். நசரேனிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை; அவரை விட்டுவிட்டு எப்படி மாற்றிமாற்றிக் கூட்டினாலும் கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சியது. அது ஒவ்வொரு முறையும் பெனிட்டாவாகவே இருந்தது. அவளுக்கு இரத்த உறவு ஒருவரும் இல்லை. இதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளைக் கண்டால் பேச்சை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அவளும் புரிந்துகொண்டாள். வளையத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினாள்.

நசரேன் தம் பங்கை முதல் நாளே முடிவுசெய்துவிட்டார். திருமணம் ஆகாதவர், உறுதியான உடம்புக்காரர். மார்த்தாளுடையதும் ரொசாரியோவுடையதும் தேய்ந்த எலும்பு; அமலிக்கு இருவருடையதும் சேர்ந்தால்தான் போதும். தம் எலும்பு முழுவதையும் அமலிக்குக் கொடுத்துவிட்டால், மார்த்தாளும் ரொசாரியோவும் ஒன்றும் இழக்கவேண்டாம். மூவரும் சேர்ந்தே பூமியில் இறங்கலாம். இதைச் சொல்லத் தங்கையின் அறைக்குச் சென்றார். ரொசாரியோ கட்டிலில் உட்கார்ந்து, உறங்கும் மகளின் பாதத்தை மடியில் வைத்திருந்தான்.

"மார்த்தா, அமலிக்கு நான் தாரேன். நீங்க ரெண்டு பேரும் அவகூடப் போங்க. நான் செஞ்சதுக்கு நானே ஈடு கட்டுதேன்."

ரொசாரியோவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவர் கண்டார். மார்த்தாள் முகத்தில் அது வரவில்லை.

"இது ஈடு இல்ல, அண்ணே."

"பொறவு?"

"போன தடவையும் எனக்காகத்தான் செஞ்சிய. எனக்காகத்தான் பொய் சொன்னிய. இப்பமும் எனக்கே செஞ்சா, அது அதே தப்பு. வேற சட்ட போட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்."

"மார்த்தா, நல்லா யோசிச்சுச் சொல்லுட்டி" என்றான் ரொசாரியோ. "நம்ம பிள்ள தனியா போவும்."

"தனியா போவல்ல. எல்லாப் பிள்ளையளும் கூடப் போவுது. அங்க போயி, 'ஒங்க அம்மையும் அப்பாவும் ஏன் வரல்ல?'ன்னு கேப்பாங்க. இவ பதில் சொல்லலாம். பெனிட்டாவ விட்டுட்டு நாம மூணு பேரும் மட்டும் முழுசாப் போயி எறங்குனா, நாம என்ன பதில் சொல்ல?"

ரொசாரியோ மகளின் பாதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் சம்மதம் சொல்லவில்லை. சிறிது நேரத்துக்குப் பின் நசரேனைப் பார்த்து, "போம் மச்சான்" என்று மட்டும் சொன்னான். அது வாழ்த்தா, வெறுப்பா என்று நசரேனுக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தார்.

பெனிட்டா வளையத்தின் ஓரத்திலேயே இருந்தாள்.

"பாக்க வந்தீரோ? தாண்டிருவேன்னு பயமாக்கும்?"

"ஆமா."

"தாண்டல்ல. வெளிச்சம் வரும்னு சொன்னீருல்லா? அதப் பாக்க ஆள் வேணும்லா, அதான் காத்திருக்கேன்."

அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். தம் எலும்பை அவளுக்கே தருவதாகச் சொன்னார். அவள் நம்பவில்லை, அமலிக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். மார்த்தாளும் ரொசாரியோவும் என்றார். அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒம்ம எலும்பு வேண்டாம்."

"வேண்டாம்னா கட்டாயப்படுத்த மாட்டேன். ஒரு தடவ ஒன்னயக் கேக்காமலே ஊத்திட்டேன். இப்பம் கேக்கேன்."

மருத்துவமனை அறைக்கு அவள் மறுநாள் வந்தாள். சம்மதம் என்று சொல்லி வரவில்லை, கதவருகே நின்றாள். நசரேன் கட்டிலில் படுத்திருந்தார். மருத்துவர் தாட்சாயணி ஊசியில் மருந்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஒமக்கு வலிக்குமா?"

"ரொம்ப வலிக்குமாம். மொத மாசத்துலயே முதுகு வளையத் தொடங்கும்."

"எனக்கு?"

"ஒனக்கும் கொஞ்சம் வலிக்கும். பல்லு தானா மாறாது, போறதுக்கு முன்ன எல்லாத்தயும் பிடுங்கணும்."

"பூமியில போயி நிப்பேனா?"

"அங்க ஒடம்பு ஏழு மடங்கு பாரமாத் தெரியும். கொஞ்ச வருசம் ஊன்றுகோல் வேணும். ஒருவேள கடைசி மட்டும் வேணுமா இருக்கும்."

"அங்க எனக்கு ஆரு இருக்கா?"

அவர் அதற்கு ஒரு ஆறுதல் தேடினார். நாவில் வந்ததை விழுங்கினார்.

"ஒருத்தரும் இல்ல, பெனிட்டா."

"ஒம்மால வர முடியாது."

"முடியாது."

"இதுல எதுவும் பொய் இல்லையே?"

"இல்ல."

"மருந்து பிடிக்காமப் போனா?"

"நீ இங்கேயே இருப்ப. நானும் வீணாப் போயிருப்பேன்."

அவள் உள்ளே வந்து, அவர் கட்டிலுக்கு எதிரே இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் கடுமையாகவே இருந்தது. நசரேன் சட்டைக்கையை மேலே சுருட்டி, கையை மருத்துவர் பக்கம் நீட்டினார். ஊசி ஏறியபோது அவருடைய தாடை இறுகியது. எலும்பின் ஆழத்தில் இருந்து எழுந்த அந்த வலி நெற்றியில் வியர்வையாகத் துளிர்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தே கிடந்தது. பெனிட்டா எழுந்து போகவில்லை.